எழுதிக்கொண்டே கற்ற கட்டுரை

(இரண்டாமாண்டு, சிவில்)



ஒவ்வோர் ஆண்டும் நம் மாணவர் பேரவை மலருக்குக் கவிதைகள் வந்து குவிகின்றன. அம்மா, நட்பு, நிலா, காதல் எதற்கும் குறைவில்லை. கட்டுரைக்குத்தான் மலர்க்குழு அண்ணன்மார் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. கேட்டால், "நமக்கு டிராயிங் வரும், கணக்கு வரும். கட்டுரையெல்லாம் எங்க வரப்போகுது?" என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேரவை நடத்திய கட்டுரைப் போட்டிக்கு 'நீர்நிலைகள்: நேற்றும் இன்றும்' என்ற தலைப்பில் நான்கு பக்கம் எழுதினேன். மூன்று வாரம் ஆனது. கட்டுரையின் அமைப்பை முதலில் படித்துவிட்டு அப்புறம் எழுத உட்காரவில்லை. ரஃப் எழுத எழுதத்தான் அமைப்பு பிடிபட்டது. எப்படிப் பிடிபட்டது என்று சொல்வதற்காகத்தான் இந்தப் பக்கங்கள்.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் கட்டுரை எழுதியவர்கள்தான். வினாத்தாளிலேயே குறிப்புச் சட்டகம் கொடுத்துவிடுவார்கள். முன்னுரை என்று தொடங்கி, நடுவில் நான்கைந்து தலைப்பு வந்து, முடிவுரையில் முடியும். நோட்ஸில் உள்ளதை மனப்பாடம் செய்து அப்படியே இறக்கி வைத்தால் மதிப்பெண் வந்துவிடும். சட்டகம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது வீட்டு வாசலில் மாட்டிய கதவு எண் மாதிரி. வீட்டுக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. 'முன்னுரை' என்று தலைப்பு போட்டாலே "ஆதிகாலம் தொட்டு மனிதன்..." என்று கை தானாக ஓடுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். அங்கே என்ன சொல்லவேண்டும் என்று நாம் இன்னும் முடிவு செய்திருக்க மாட்டோம். இடம் காலியாக இருக்கிறது, அதை நிரப்புகிறோம், அவ்வளவுதான்.

கட்டுரை என்ற சொல் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் 'கட்டுரை காதை' என்றே ஒரு காதை உண்டு. சொல்லைப் பிரித்தால் கட்டு, உரை. கட்டப்பட்ட பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'எஸ்ஸே' என்கிறார்களே, அது பிரெஞ்சுக்காரரான மோந்தேன் 1580இல் தன் புத்தகத்துக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு முயன்று பார்த்தல் என்று பொருள். எனக்கு இரண்டு சொல்லும் பிடித்திருக்கிறது. ரஃப் எழுதும்போது அது 'எஸ்ஸே'. கட்டி முடித்த பிறகு அது கட்டுரை. நாமோ முயன்று பார்க்கும் முன்பே கட்டிவிடப் பார்க்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்கரை கிராமம். எங்கள் பக்கம் ஏரியைக் கண்மாய் என்றுதான் சொல்வோம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் கையெழுத்துப் போடுவார்கள். அப்பத்தாவுக்கு அதுவும் தெரியாது. ஆகவே எழுதியதைத் திருத்திக் கொடு என்று வீட்டில் யாரிடமும் நீட்ட முடியாது. உங்களில் பலருக்கும் இதே நிலைமைதான் என்று எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் விசாரித்துப் பார்த்தேன். எங்கள் அறையில் ஐந்து பேரில் நான்கு பேர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள்.

இன்னொரு காரியமும் இதோடு சேர்ந்துகொண்டது. எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் ஒரு இடத்தில், பிளாட் போடுகிற ஒருவர் மண்ணைத் தள்ளி மேடாக்கிவிட்டார். இரண்டு மழைக்காலமாகக் கண்மாய் பாதிகூட நிரம்பவில்லை. "நீதான் காலேஜ் படிக்கிற புள்ள, கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தாத்தா" என்று ஊர்ப் பெரியவர்கள் என்னிடம் வந்து நின்றார்கள். அந்தக் காகிதத்தை நம்பி முப்பது, நாற்பது குடும்பத்தின் நெல் நிற்கிறது. போட்டிக் கட்டுரையும் மனுவும் ஒரே நேரத்தில் என் தலையில் விழுந்தன. முதலில் கட்டுரையை எடுத்தேன். அதை எழுதினால்தான் விஷயமே எனக்குத் தெளிவாகும் என்று தோன்றியது.

பழைய ரெக்கார்டு தாள்களின் பின்பக்கத்தை இரண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டேன். ஓர் அரைத்தாளுக்கு ஒரு விஷயம் மட்டும். முன்னுரையைத் தொடவே இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது மடை, அதனால் மடையில் ஆரம்பித்தேன். மேட்டு நிலத்துக்குப் பாயும் மடை உயரத்தில் இருக்கும், பள்ளத்து வயலுக்குப் பாய்வது தாழ இருக்கும் என்று ஒரு தாள். கரையைப் பற்றி ஒரு தாள். மிகுந்த தண்ணீர் வெளியேறும் கலுங்கு பற்றி ஒன்று. ஒரு கண்மாயின் கலுங்கில் வழிகிற தண்ணீர் வீணாகாமல் அடுத்த கண்மாய்க்குப் போகும், இப்படிச் சங்கிலியாகக் கோத்துவிட்டிருக்கிறார்கள் முன்னோர்கள் என்று ஒன்று. தமிழ்நாட்டில் இப்படி ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருக்கின்றன என்பது ஒரு தாள். எங்கள் மாவட்டத்து ராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பற்றி 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ஒரு சொலவடை உண்டு. அதற்கு ஒரு தாள். சீமைக் கருவேலம், குடிமராமத்து, ஆக்கிரமிப்பு என்று கடைசியில் பதினொரு தாள் சேர்ந்தது.

இப்படித் துண்டு துண்டாக எழுதுவதில் ஒரு வசதி உண்டு, நண்பர்களே. நோட்டில் தொடர்ச்சியாக எழுதினால், எழுதிய வரிசையே சரியான வரிசை என்று மனசு பிடிவாதம் பிடிக்கும். துண்டுத் தாளுக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. சீட்டுக்கட்டைப் போலக் கலைக்கலாம், மாற்றி அடுக்கலாம்.

எந்த வரிசையில் அடுக்குவது? இங்கேதான் அப்பத்தா வருகிறார்.

வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது தாள்களை அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். படிக்காத ஆளிடம் வாசித்து என்ன பயன் என்று நினைக்காதீர்கள். அறுபது வருஷமாக அந்தக் கண்மாய்த் தண்ணீரில் நாற்று நட்டவர் அவர். மடையைப் பற்றி நான் வாசித்ததும், "ஏத்தா, மடை மடைங்கிறியே, தண்ணி எங்கிட்டு இருந்து வருதுன்னு சொல்லலையே?" என்றார். அந்தக் கேள்வியால் வரத்துக்கால் தாள் மடைக்கு முன்னால் போயிற்று. வரத்துக்கால் தாளை வாசித்தேன். "சரி, வந்த தண்ணிய நிப்பாட்டுறது எது?" கரை அடுத்த இடத்துக்கு வந்தது. கரையை வாசித்ததும் அவர் கேட்டது மடையை அல்ல. "தண்ணி கூடிப் போச்சுன்னா கரை தாங்குமா?" என்றார். ஆக கலுங்குதான் கரைக்குப் பின்னால். வயலுக்குப் பாய்கிற மடை அதற்கும் அப்புறம்தான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இதே வரிசையில்தான் தண்ணீரும் ஓடுகிறது! வருகிறது, நிற்கிறது, மிகுந்தது வழிகிறது, மீதி வயலுக்குப் பாய்கிறது. எந்த நோட்ஸும் இந்த வரிசையை எனக்குக் கொடுத்திருக்க முடியாது. ஒரு பத்தியைக் கேட்டவர் மனசில் அடுத்து என்ன கேள்வி எழுகிறதோ, அதற்குப் பதில்தான் அடுத்த பத்தி. அமைப்பு என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதில் முக்கால்வாசி இவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம்.

சில தாள்களை வாசித்தபோது அப்பத்தா ஒன்றுமே கேட்கவில்லை. "ம்" கூடக் கொட்டவில்லை. 39,000 என்ற கணக்கு அப்படி ஒன்று. கணக்கு சரியானதுதான். ஆனால் கண்மாய் என்றால் என்னவென்று கேட்பவருக்குப் புரியும் முன்பே அதைச் சொன்னால் காதில் ஏறாது. கலுங்கும் சங்கிலித் தொடரும் புரிந்த பிறகு, "இப்படி ஒன்றல்ல, 39,000" என்று சொல்லும்போது அதே எண் கனக்கிறது. தாளைத் தூக்கிப் போடவில்லை, இடம் மாற்றினேன். எண்களைக் கட்டுரையின் தலையில் கொட்டுகிற பழக்கம் நம் தொழில்நுட்ப மாணவர்களிடம் நிறையவே இருக்கிறது. கவனித்துப் பாருங்கள்.

சீமைக் கருவேலத் தாள்தான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. அதில் சொல்ல நிறைய இருந்தது. அமெரிக்கக் கண்டத்து மரம், 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் வந்தது, கண்மாய் உள்வாயெல்லாம் பரவிவிட்டது, அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம், அதை அகற்றச் சொல்லி 2017இல் உயர்நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது என்று ஒரு பக்கம் முழுக்க வந்துவிட்டது. நல்ல விஷயம்தான், ஆனால் அது தனிக் கட்டுரை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில், நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று பத்தைச் சொல்கிறார். அதில் ஒன்றின் பெயர் 'மற்றொன்று விரித்தல்'. எடுத்த பொருளை விட்டுவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டே போவது. கருவேலத் தாளிலிருந்து இரண்டு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த ஆண்டு மலருக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்!

நன்னூலின் அந்தப் பகுதியை இலக்கணப் பாடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரஃபைத் திருத்துவதற்கு அதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. 'கூறியது கூறல்' என்று ஒரு குற்றம், அதாவது சொன்னதையே திரும்பச் சொல்வது. பக்கத்தை நிரப்ப நாம் எல்லோரும் கையாள்கிற வித்தை இது. 'சென்று தேய்ந்து இறுதல்' என்று இன்னொன்று. ஆரம்பம் பிரமாதமாக இருக்கும், போகப் போக வற்றிக் கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும். பரிட்சையில் நேரம் போதாமல் எழுதும் கடைசிப் பக்கத்தைப் பவணந்தியார் நேரில் பார்த்தாரோ என்னவோ!

பத்தி விஷயத்தில் ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு பத்தியை முடித்ததும், "இந்தப் பத்தி என்ன வேலை செய்கிறது?" என்று ஓரத்தில் பென்சிலால் நாலு வார்த்தை எழுதுங்கள். நாலு வார்த்தையில் அடங்கவில்லை என்றால் அங்கே இரண்டு பத்தி இருக்கிறது. குடிமராமத்துத் தாளில் எனக்கு அப்படி ஆயிற்று. ஊரார் கூடிக் கண்மாயைத் தாங்களே செப்பனிட்டுக்கொண்ட வழக்கம் ஒன்று. அந்த வழக்கத்துக்கு 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டு, வேலைக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்க வழிசெய்தது இன்னொன்று. முதலாவது ஊர் தானாகச் செய்தது. இரண்டாவது சர்க்கார் செய்யவைத்தது. ஒரே பத்தியில் இரண்டும் இருந்தால் படிப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பிரித்ததும் நடுவில் ஒரு கேள்வி தானே எழுந்தது: தானாக வந்து வேலை செய்தவர்களுக்குச் சட்டம் எதற்கு? நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே என்ன மாறியது என்பதற்கு அதுவே என் கட்டுரையின் மையமாகிவிட்டது. 2017இல் தமிழக அரசு அதே குடிமராமத்து என்ற பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்ததை அதற்குப் பின்னால் வைத்தேன். நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது எனக்கே தெரிந்தது எட்டாவது தாளில்தான் என்று சொன்னால் நம்புவீர்களா?

அதனால்தான் முன்னுரையைக் கடைசியில் எழுதினேன். நன்னூலார் பாயிரத்தை இரண்டு வகையாகப் பிரிக்கிறார். அதில் சிறப்புப் பாயிரம் என்பது நூல் முடிந்த பிறகு, நூலாசிரியர் அல்லாத வேறொருவர் செய்வது. அவருடைய ஆசிரியரோ, கூடப் படித்தவரோ, மாணவரோ, உரை எழுதியவரோ செய்யலாம். முழு நூலையும் பார்த்தவர்தான் அதை அறிமுகம் செய்ய முடியும் என்ற நியாயம் இதில் இருப்பதாக நான் நினைக்கிறேன். நம் கட்டுரைக்கு வேறு ஆள் வரமாட்டார். நாமே முழுவதும் எழுதி முடித்து, வேறு ஆளாக மாறி நின்று பார்த்து, முன்னுரை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். என் முன்னுரை மூன்று வாக்கியம். எங்கள் கண்மாய் கடைசியாக எப்போது கலுங்கு பாய்ந்தது என்பது ஒன்று. அதற்குப் பிறகு ஏன் பாயவில்லை என்ற கேள்வி ஒன்று. அந்தக் கேள்விக்கு மழையைக் குறை சொல்லிவிட முடியாது என்பது ஒன்று.

முடிவுரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'ஆகவே நீர்நிலைகளைக் காப்போம், நாட்டை உயர்த்துவோம்' என்று கோஷம் போடாமல், யார் எதைச் செய்தால் வரத்துக்கால் திறக்கும் என்று எழுதினேன்.

நமக்கு அமைப்பு தெரியாது என்பவர்களுக்கு இன்னொன்று. உங்கள் லேப் ரெக்கார்டை எடுத்துப் பாருங்கள். எய்ம், அப்பரேட்டஸ், புரொசீஜர், டேபுலேஷன், ரிசல்ட். இதை யாரோ சும்மா போட்ட தலைப்பு என்று நினைக்கிறோம். எதைக் கண்டுபிடிக்கப் போனாய், எதை வைத்து, எப்படிச் செய்தாய், என்ன அளவு கிடைத்தது, கடைசியில் என்ன தெரிந்தது என்று கேட்கிறவர் கேட்கும் கேள்விகள்தானே அவை? கேட்கிறவர் மாறாதவரை அந்தத் தலைப்புகளும் மாறுவதில்லை. ரெக்கார்டு எழுதத் தெரிந்தவருக்குக் கட்டுரை அந்நியமே அல்ல. என்ன, கட்டுரையில் கேட்கிற ஆளை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

இனி மனுவுக்கு வருகிறேன். கட்டுரை முடிந்ததும் அதையே சுருக்கினால் மனுவாகிவிடும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அது அப்படி ஆகாது. கட்டுரை படிப்பவர் உட்கார்ந்து படிக்கிறார். மனு வாங்குகிற அதிகாரியின் முன்னால் திங்கட்கிழமை நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். வரத்துக்காலில் தொடங்கி மடையில் முடிகிற அழகான வரிசைக்கு அங்கே நேரமில்லை. அவருடைய முதல் கேள்வி "என்ன வேண்டும்?" இரண்டாவது, "இது எந்தத் துறை?" மூன்றாவது, "ஆதாரம் என்ன?" ஆகவே மனுவில் கேட்பதை முதல் வரியில் வைத்தேன். வரத்துக்காலில் கொட்டிய மண்ணை அகற்றித் தர வேண்டும்.

துறை விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், இது பல ஊர்களுக்கும் பயன்படும். 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையின் பொறுப்பு. பொதுப்பணித்துறைக்குள் இருந்த அந்தப் பிரிவு 2021இல் தனித் துறையானது. அதற்குக் குறைவான ஆயக்கட்டு என்றால் ஊராட்சி ஒன்றியம். எங்கள் கண்மாய் இரண்டாவது வகை. இதை எழுதாவிட்டால் மனு தவறான மேசைக்குப் போய்த் திரும்பி வரும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆனால் அது பெரும்பாலும் முதல் வகைக் கண்மாய்களுக்கானது என்பதால் மனுவில் அதை நான் மையமாக வைக்கவில்லை.

ஆதாரத்துக்கு நம் பாடம் கைகொடுத்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணும் புலப்படமும் பார்த்துக்கொண்டு, தம்பியும் நானும் டேப் பிடித்து மேடான பகுதியை அளந்தோம். நீளம் 62 மீட்டர். படத்தில் வரத்துக்கால் ஓடுகிற இடத்தையும், தரையில் மண் கிடக்கிற இடத்தையும் ஒரே தாளில் ஸ்கேல் போட்டு வரைந்து மனுவோடு இணைத்தேன். சர்வேயிங் பிராக்டிகலில் காலேஜ் மைதானத்தை அளந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

கையெழுத்து வாங்கும் முன் அப்பத்தாவிடம் மனுவையும் வாசித்தேன். "கடைசியில நம்ம ஊரு பேரச் சொல்றியே, அத மொதல்ல சொல்லுத்தா. எந்த ஊருன்னு தெரியாம எப்படி வருவாக?" என்றார். ஊர்ப் பெயர் முதல் வரிக்கு ஏறியது. முப்பத்தாறு பேர் கையெழுத்து, அதில் பதினான்கு கைநாட்டு. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. ஒன்றியத்திலிருந்து இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லை. பதினைந்து நாள் கழித்து நினைவூட்டு மனு கொடுக்க வேண்டும். அதற்கு வரிசை இன்னும் சுருக்கம்: ரசீது எண், தேதி, "இதுவரை நடவடிக்கை இல்லை" என்ற ஒரு வரி.

போட்டி முடிவு ஆண்டு விழாவில்தான் தெரியும். அரைத்தாள் பதினொன்றும் ரப்பர் பேண்டு போட்டு என் டிராயிங் போர்டுக்குப் பின்னால் இருக்கின்றன. அடுத்த போட்டிக்கு எழுத நினைப்பவர்கள் வந்து வாங்கிப் பார்க்கலாம். கருவேலத் தாளை மட்டும் தரமாட்டேன்.